தேயாத கருவிகளின் புகழ்

பல் மருத்துவக் கல்லூரிகளின் டிஜிட்டல் கருவிகளைப் புகழ்ந்து எழுதப் படூரைப் போலத் தோதான ஊர் வேறில்லை. பழைய மாமல்லபுரம் சாலை, ராஜீவ்காந்தி சாலை என்று பெயர் மாறி இந்த ஊரின் ஊடே போகிறது. வடக்கே சிறுசேரி சிப்காட்டின் மென்பொருள் வளாகங்கள். தெற்கே கேளம்பாக்கம். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் உப்பளங்களைத் தாண்டிக் கோவளத்துக் கடல். இந்தச் சிறிய நீளத்துக்குள் பொறியியலும் மருத்துவமும் பல் மருத்துவமும் கற்பிக்கும் வளாகங்கள் நிற்கின்றன. வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு காலையில் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் கணினி படிக்கப் போகிறவர்களோடு ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்கள். டிஜிட்டல் என்றால் என்னவென்று இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இது தொண்டை நாடு. இங்கே கருவிகளைப் புகழ்வதற்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். அதியமானோடு போருக்கு எழ நினைத்த தொண்டைமானிடம் ஔவையார் தூது வந்தார். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, காம்பைத் திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் வேல்கள் அழகாக அடுக்கியிருந்தன. ஔவையார் அவற்றைப் பார்த்தபடியே சொன்னார். அதியமானின் வேல்களுக்கு இந்த அழகு கிடையாது, அவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நானும் பொய் கலக்காமல் புகழவே வந்திருக்கிறேன். எந்தவொரு கல்லூரியையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கருவி வாங்கிவைத்த எல்லாக் கொட்டில்களுக்கும் இந்த வாழ்த்து உரியது.

முதல் வணக்கம் வகுப்பறைத் திரைக்கு. திரையே, உன்னைப்போல் அழகாகப் பல்லைக் காட்டியவர் எவரும் இல்லை. 1953-ல் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில் ஆசிரியர் சாக்பீஸால் கரும்பலகையில் கடைவாய்ப் பல்லை வரைந்தார். வரைய நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் மாணவர்களும் ஏட்டில் வரைந்தார்கள். நீ அந்தக் காத்திருப்பை ஒழித்தாய். நீ காட்டும் பல் சுழல்கிறது, பிளக்கிறது, எனாமலைக் கழற்றி உள்ளிருக்கும் டென்டினைக் காட்டுகிறது, வேருக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பாதையைச் சிவப்பாகவும் நீலமாகவும் ஒளிரவிடுகிறது. மேல்வாய் முதல் கடைவாய்ப் பல்லின் வேரொன்றில் ஒளிந்திருக்கும் இரண்டாவது கால்வாயை, ரூட் கெனால் செய்யும் கைகளுக்குப் பிடிபடாமல் போகிற அந்த மெல்லிய துளையை, நீ ஒரு நொடியில் காட்டிவிடுகிறாய். நூறு பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர் உன்னை நோக்கித் திரும்பி உன்னிலுள்ள வரிகளை வாசிக்கும்போது, அவருக்கு மாணவர் முகம் பார்க்கும் சிரமமே இல்லை. யாருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிக்கிற பழைய தொல்லையிலிருந்து அவரை விடுவித்தவன் நீ. ஸ்லைடுகள் தீர்ந்தால் பாடம் தீர்ந்தது. இத்தனை துல்லியமாக நேரம் காக்கும் ஆசிரியர் முன்பு இருந்ததில்லை.

அடுத்தது பதிவு செய்த விரிவுரை. 2020 மார்ச் 25 முதல் நாடு முடங்கியபோது, வாயைத் திறந்தால்தான் நடக்கக்கூடிய ஒரு படிப்பு, வாயை மூடவேண்டிய காலத்தில் மாட்டிக்கொண்டது. பல்லைக் குடையும் ஏரோட்டார் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அதிலிருந்து தெறிக்கும் நீர்த்துகளோடு நோயாளியின் எச்சிலும் காற்றில் கலக்கும் என்பதால், பல் மருத்துவ நாற்காலிகள் முதலில் மூடப்பட்டவற்றில் ஒன்றாயின. அந்த மாதங்களில் படிப்பு அறுந்துபோகாமல் காத்தது காணொளிதான். இந்தப் புகழில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஒரு ஸ்டாஃப் நாற்காலியருகே நின்று செய்துகாட்டும்போது, சுற்றி நிற்கும் இருபது பேரில் முன்னால் நிற்கும் நான்கு பேருக்குத்தான் நோயாளியின் வாய் தெரியும். மற்றவர்கள் முதுகுகளைப் பார்த்துப் படித்தார்கள். காணொளி பின்வரிசைப் பிள்ளையையும் முதல் வரிசைக்கு அழைத்து வந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கும் திரும்ப ஓட்டிப் பார்க்கவிட்டது. மாணவர்களைக் கேட்டால் டிஜிட்டல் கல்வியில் தங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பார்கள். நியாயமான பதில்.

காணொளியே, நீ செய்த பேருதவிக்கு உனக்குக் கிடைத்த பரிசும் பெரியது. தொற்று ஓய்ந்தது, நாற்காலிகள் திறந்தன, ஆனாலும் உன்னைப் பலர் விடவில்லை. நாற்காலிக்கு வரும் முன் பார்த்துவிட்டு வர வேண்டிய நீ, நாற்காலியருகே ஸ்டாஃப் நிற்க வேண்டிய நேரத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டாய். ‘குரூப்பில் வீடியோ போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வரியில் ஒரு மணி நேரச் செய்முறை விளக்கம் முடிந்துவிடுகிறது. உனக்குச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை. ஒருமுறை பதிவு செய்தால் பல ஆண்டு வேலை செய்கிறாய். உன்னைவிடச் சிக்கனமான ஆசிரியரை எந்த நிர்வாகமும் கண்டதில்லை. மாணவி, பல்லைச் சுற்றி எச்சில் வராமல் தடுக்கும் ரப்பர் டேமை மாட்டத் தெரியாமல் திணறும்போது நீ அவளைத் திட்டுவதும் இல்லை. அவள் திணறுவது உனக்குத் தெரியவே தெரியாது என்பதால் உன் பொறுமைக்கு எல்லை இல்லை.

மூன்றாவதாக சிமுலேட்டர். 1894-ல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்பவர் நோயாளிக்குப் பதிலாக ஒரு பொம்மைத் தலையைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார். இன்றும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அந்தப் பேன்டம் ஹெட்டில்தான் பிளாஸ்டிக் பல்லைக் குடைந்து பழகுகிறார்கள். அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய சிமுலேட்டர். கையில் பிடித்திருக்கும் கருவி எனாமலில் கடினமாக எதிர்க்கிறது, டென்டினுக்குள் இறங்கியதும் தளர்கிறது. எத்தனை மில்லிமீட்டர் அதிகம் குடைந்தாய் என்று மதிப்பெண் போடுகிறது. ஒரு பொத்தானில் பல் புதிதாக முளைக்கிறது. தப்பு செய்ய ஓர் இடம் வேண்டும், அந்த இடம் நோயாளியின் வாயாக இருக்கக் கூடாது என்ற அறத்தை இதைவிட நன்றாக நிறைவேற்றும் பொருள் இல்லை.

சிமுலேட்டரே, உன் ஒழுக்கத்தையும் புகழ வேண்டும். உனக்கு எச்சில் சுரப்பதில்லை. உன் நாக்கு குறுக்கே வந்து கண்ணாடியைத் தள்ளுவதில்லை. ரத்தம் கசிந்து குழியை மறைப்பதில்லை. பாதி வேலையில் கையை உயர்த்தி ‘கொஞ்சம் நில்லு கண்ணு’ என்பதில்லை. உனக்குச் சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, ஊசியைக் கண்டால் வியர்ப்பதில்லை. கோவளம் பக்கத்திலிருந்தோ திருப்போரூர் பக்கத்திலிருந்தோ முகாம் வண்டியில் வந்து இறங்கும் ஓர் ஆயாவுக்கு இவையெல்லாம் உண்டு. ‘வலிக்குமா கண்ணு?’ என்று அவர் கேட்பார். ‘ஊசி போடும்போது எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் தெரியாது ஆயா’ என்று சொல்லும் குரலில் உண்மை இருக்கிறதா என்று முகத்தைப் பார்ப்பார். அந்தக் குரலை உன்னிடம் பழக வழியில்லை. உன்னை அந்தக் குறைக்காக நான் பழிக்கவில்லை. உன்னிடம் அதற்கு மதிப்பெண் கட்டமே கிடையாது, இருப்பதாக நீ எங்கும் சொன்னதும் இல்லை. நீ நேர்மையான கருவி.

கருவியால் கற்பிக்க முடியாத இன்னொன்றும் உண்டு. பாக்கு மெல்லும் பழக்கம் இந்தக் கரையில் பழையது. பாக்கும் பாக்குத்தூள் பொட்டலங்களும் கன்னத்தின் உட்சவ்வை மெல்ல மெல்ல நாராக இறுக்குகின்றன. வாய் திறப்பு சுருங்குகிறது. சிலருக்கு அது பின்னாளில் புற்றுநோயாகவும் மாறுகிறது. ஆரம்பத்தில் அந்த நார்களைப் படத்தில் பார்த்து மட்டும் பிடிக்க முடியாது. கன்னத்துக்குள் விரல் வைத்து உருட்டிப் பார்க்கும்போது ஒரு கயிறு தட்டுப்படுவதுபோல் தெரியும். அதைத் தொட்டு அறிந்த ஆசிரியர் மாணவியின் விரலை அந்த இடத்துக்குக் கொண்டுபோய், ‘இதோ, தெரிகிறதா?’ என்று கேட்க வேண்டும். கல்விக்கூடங்களில் பல நூறு ஆண்டுகளாக இருக்கும் இந்த முறைக்கு இணையக் கட்டணம் இல்லை, உரிமத் தொகை இல்லை. ஆகவே எந்த விளம்பரப் பலகையிலும் அது இடம்பெறுவதில்லை.

இங்கிருந்து தெற்கே போனால் மாமல்லபுரம். 1957-ல் அங்கே தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரியிலும் சாலையோரப் பட்டறைகளிலும் கல்லைத் தட்டிப் பார்ப்பதில்தான் பாடம் தொடங்குகிறது. நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே வெடிப்புள்ள கல் மந்தமாக ஒலிக்கும். பல் மருத்துவரும் கண்ணாடிக் கைப்பிடியின் முனையால் பல்லைத் தட்டிப் பார்க்கிறார். எலும்போடு ஒட்டிப்போன பல் உலோகம்போல் கணீரென்கிறது, வேர்நுனியில் சீழ் பிடித்த பல்லைத் தட்டினால் நோயாளியின் புருவம் துடிக்கிறது. சிற்பி காதாலும் கையாலும் படிப்பதைத்தான் இங்கே மாணவியும் படிக்கிறாள். கல்லுக்கு வலி தெரியாது என்பதுதான் வேறுபாடு.

இப்போது கொட்டிலின் அரசனிடம் வருகிறேன். வாய்க்குள் நுழையும் ஸ்கேனர். 1985-ல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மானும் மார்கோ பிராண்டெஸ்டினியும் ஒளியால் பல்லை அளந்து, அதே அமர்வில் பீங்கான் நிரப்பியைக் கடைந்து பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் வந்த இன்றைய ஸ்கேனர் பேனா அளவு தலையால் வாயைச் சுற்றிவந்து ஆயிரக்கணக்கான படங்களை ஒட்டித் திரையில் ஒரு முழுத் தாடையை நிறுத்துகிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் நிரப்பி, நோயாளியின் வாயில் அழுத்தி, குமட்டலை அடக்கச் சொல்லி இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்கும் வேலையை இது எடுத்துவிட்டது. குமட்டல் அதிகமுள்ள ஒரு நோயாளிக்கு ஸ்கேனர் செய்வது பெரிய கருணை. மாணவர்கள் இதைக் கற்க ஆசைப்படுவது வெறும் மோகத்தால் அல்ல. தாங்கள் வேலைக்குப் போகப்போகும் நகரத்து மருத்துவமனைகள் இதைக் கேட்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஸ்கேனரே, உன் விலை பல லட்சம். அதற்குத் தகுந்த மரியாதை உனக்குக் கிடைக்கிறது. குளிரூட்டிய அறையில் இருக்கிறாய். துணி போர்த்தப்பட்டிருக்கிறாய். சாவி துறைத்தலைவரிடம் இருக்கிறது. ஆய்வுக்குழு வரும் நாளில் உன் ஒளி எரிகிறது. கல்லூரிக் கையேட்டின் அட்டையில் உன் படம் இருக்கிறது, உன்னருகே ஒரு மாணவி சிரித்தபடி நிற்கிறாள். உன்னை எம்.டி.எஸ். மாணவர்கள் கையாள்கிறார்கள், பி.டி.எஸ். மாணவர்கள் கண்ணாடிக்கு அப்பால் நின்று வணங்குகிறார்கள் என்று பல ஊர்களின் மாணவர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து வெளியே போகும் இளநிலைப் பட்டதாரி உன்னைத் தொட்டு ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. அத்தனை பாதுகாப்பாக இருக்கிறாய். அதே கட்டடத்தின் வேறு தளத்தில் மௌத் மிர்ரர்கள் மங்கியிருக்கின்றன, எக்ஸ்கவேட்டர்களின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸின் பிடி தேய்ந்திருக்கிறது. அவற்றுக்கு அட்டைப்படமும் இல்லை, குளிரூட்டிய அறையும் இல்லை. ஆயாவின் சொத்தைப் பல் வலி நின்றது அவற்றால்.

பதிவேட்டுச் செயலியையும் மறந்துவிடக் கூடாது. முன்பு ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு கேஸுக்கும் ஸ்டாஃபிடம் சைன் வாங்க மாணவர்கள் மாலைவரை வராந்தாவில் காத்திருந்தார்கள். செயலி வந்த இடங்களில் ஒப்புதல் திரையில் விழுகிறது, எத்தனை பல் பிடுங்கினாள், எத்தனை அடைத்தாள், எத்தனை பல் செட்டு செய்தாள் என்ற கோட்டாக் கணக்கு கூட்டிக்கழித்துச் சரியாக நிற்கிறது. செயலியே, எண்ணிக்கையில் உன்னை வெல்ல யாராலும் முடியாது. கோட்டா நிரம்பாத மாணவர்கள் தங்கள் பணத்தில் பேருந்துக் கட்டணம் கொடுத்து நோயாளிகளை அழைத்துவரும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. தேடி அலைந்த அந்த நாட்களுக்கு உன்னிடம் கட்டம் இல்லை. ஐந்தாவது பல் செட்டு முதல் பல் செட்டைவிட நன்றாகப் பொருந்தியதா, அதைப் பெற்ற தாத்தா அதை மாட்டிக்கொண்டு சோறு தின்றாரா என்ற கேள்விகளுக்கும் கட்டம் இல்லை. ஆகையால் உன் கணக்கில் பிழையே வருவதில்லை.

இத்தனை புகழுக்கும் பிறகு, கருவிகளின் நடுவே நாள் முழுதும் நிற்கும் மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள்? பல நாடுகளில் பல் மருத்துவ மாணவர்களிடம் எடுத்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. அவர்களுக்கு டிஜிட்டல் பிடித்திருக்கிறது. இன்னும் வேண்டும் என்கிறார்கள். ஆனால் நாற்காலியருகே நிற்கும் ஆசிரியருக்குப் பதிலாக அது வேண்டாம் என்கிறார்கள். அவர்களின் பேச்சில் எனக்குக் கேட்பது தெளிவான, நிதானமான கோரிக்கை. வீடியோவை முந்தின இரவு பார்க்கிறோம், மறுநாள் எங்கள் கையைப் பார்க்க ஸ்டாஃப் ஒருவர் நிற்கட்டும். சிமுலேட்டரில் பத்து முறை தப்பு செய்கிறோம், பதினோராவது முறை சரியாகச் செய்ய ஒரு நோயாளியைக் கொடுங்கள். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. எக்ஸ்ரே படத்தில் கீழ்த்தாடை நரம்பு போகும் பாதையைக் காட்டுகிறீர்கள், நன்றி. அதே நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியைச் செலுத்தும்போது எலும்பில் முனை தட்டும் அந்த உணர்வை எங்களுக்குக் கற்பியுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் நாளை நாங்கள் கிளினிக் வைப்போம். அங்கே ஸ்கேனர் இருக்காது, ஆல்ஜினேட் இருக்கும். மின்சாரம் போனாலும் விரல் இருக்கும்.

இந்தக் கோரிக்கையில் டிஜிட்டலுக்கு எதிரான ஒரு சொல்லும் இல்லை. கைபேசியோடு பிறந்து வளர்ந்த தலைமுறையிடமிருந்து இது வருகிறது என்பதுதான் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது. புதியதைக் கண்டு பயப்படும் முதியவர்கள் சொல்லியிருந்தால் ஒதுக்கிவிடலாம். கருவியை நன்கு அறிந்தவர்கள் கருவியின் எல்லையையும் அறிந்து சொல்கிறார்கள். அவர்கள் பழிப்பது திரையை அல்ல. ஆசிரியர் நின்ற இடத்தில் திரையை நிறுத்திவிட்டு, அந்த ஆசிரியரின் சம்பளத்தை மிச்சம் பிடித்த கையைப் பழிக்கிறார்கள். கட்டணத்தில் கருவியின் விலையைச் சேர்த்துவிட்டு, கருவியைத் தொடும் வாய்ப்பைச் சேர்க்காமல் விட்ட கணக்கைப் பழிக்கிறார்கள். இந்தப் பழி முழுக்க நியாயமானது, நான் இதில் அவர்கள் பக்கம் நிற்கிறேன்.

1948-ன் பல் மருத்துவர் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பட்டம் முடிப்பவர்களுக்கு நாடெங்கும் பொதுவான இறுதித் தேர்வு ஒன்றையும் அது சொல்கிறது. கல்லூரிகளை அளக்கும் கோல் புதிதாகத் தயாராகும் இந்த நேரத்தில் ஒரே ஒரு அளவையைச் சேர்க்கும்படி கேட்கிறேன். எத்தனை ஸ்கேனர், எத்தனை சிமுலேட்டர் என்று எண்ணுங்கள். அதோடு ஒவ்வொரு கருவியையும் ஓர் இளநிலை மாணவர் ஓராண்டில் எத்தனை மணி நேரம் தன் கையில் பிடித்தார் என்றும் எண்ணுங்கள். அதற்கு ஒரு பதிவேடு வைத்தால் போதும், பெரிய செலவு எதுவும் இல்லை. ஓர் ஆசிரியர் எத்தனை மணி நேரம் நாற்காலியருகே நின்றார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பிறகு அந்த மூன்று எண்களையும் கல்லூரிக் கையேட்டின் அட்டையில், ஸ்கேனர் படத்துக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். மகளைப் பல் மருத்துவராக்க நிலத்தை அடகு வைக்கும் ஓர் அப்பா, படத்தைப் பார்த்து வியந்த பிறகு எண்ணையும் பார்ப்பார். எந்தக் கல்லூரியின் எண் பெரிதோ, அந்தக் கல்லூரியை உள்ளர்த்தம் எதுவும் இல்லாமல் புகழ்ந்து எழுத நான் தயாராக இருக்கிறேன்.